தோட்டா கேஸ் கூம்பா இருந்தா சுட்டப்புறம் ஈஸியா வெளிய வருமா?

ஆமாங்க, வரும். சுடும்போது பிரஷர்ல பித்தளை கேஸ், அதாவது வெடிமருந்து இருக்கிற கூடு, விரிஞ்சு சேம்பர் (துப்பாக்கில தோட்டா உக்கார்ற அறை) சுவத்துல அப்பிக்கும், புல்லட் போனதும் கொஞ்சம் சுருங்கும், ஆனா முழுசா பழைய சைஸுக்கு வராது. கூம்பு கேஸ்னா போல்ட் (கேஸை பின்னால இழுக்கிற பாகம்) துளி பின்னால நகர்ந்தாலே சுத்திலும் இடைவெளி விழுந்துரும், நேரான கேஸ் ரொம்ப தூரம் உரசிக்கிட்டே தான் வரணும். 1912ல லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னம் ரைபிள் தோட்டாவ பாருங்க, கேஸ் அடில சுமார் 13 மில்லிமீட்டர் விட்டம், தோள்பட்டைகிட்ட, அதாவது கழுத்துக்காக குறுக ஆரம்பிக்கிற இடத்துல, 11.4 தான். ஆப்பிரிக்க வெயில்ல கார்டைட்ங்கிற வெடிமருந்து சூடாகி பிரஷர் ஏறும், எதிர்ல காட்டெருமை நிக்கும்போது கேஸ் சிக்கினா உயிரே போயிரும், அதனால தான் எனக்கு இந்த வடிவம் மேல அவ்ளோ மதிப்பு. பி.ஓ. ஆக்லின்னு ஒரு அமெரிக்க துப்பாக்கி வல்லுநர் கேஸ் சுவரை நிமித்தி வெடிமருந்துக்கு இடம் கூட்டினாரு, அதுவும் நல்லா வேலை செய்யும், ஆனா சேம்பர் வழவழன்னு சுத்தமா இருக்கணும்.