வாசகர் கேள்வி – பதில்: குவாட் தாண்டுவதா, தவிர்ப்பதா?

ஆண்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கித் தாண்டும் போட்டி) குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே சுற்றி வருகின்றன: ஒரு போட்டிக்காலத்தில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதை வீரர்கள் எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்? அவற்றுள் ஐந்தினை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நான்கு சுற்றுத் தாண்டலில் விழுந்தவர் அடுத்த போட்டியிலும் அதையே முயல்கிறாரே, பிடிவாதமா? மூன்று சுற்றை ஒழுங்காகச் செய்து புள்ளி பெற்றால் போதாதா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பிடிவாதம் என்று தோன்றினாலும் அதன் பின்னால் கணக்கு இருக்கிறது. லுட்ஸ் என்ற தாண்டலை எடுத்துக்கொள்வோம். மூன்று சுற்று லுட்ஸின் அடிப்படைப் புள்ளி 5.9, நான்கு சுற்றுக்கு, அதாவது குவாட்டுக்கு, 11.5. இதன்மேல் நடுவர்கள் தரத்தைப் பார்த்து −5 முதல் +5 வரை மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படைப் புள்ளியில் பத்து வீதத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். மூன்று சுற்றை அழகாகச் செய்து +3 பெற்றால் 7.67 கிடைக்கும். குவாட்டை அதே தரத்தில் செய்தால் 14.95. முழுமையாகச் சுழன்றுவிட்டு விழுந்தால், தரத்துக்காகப் பாதி கழிந்து, விழுந்ததற்காக மேலும் ஒரு புள்ளி கழிந்து, 4.75 மிஞ்சும். இந்த மூன்று எண்களையும் வைத்துக் கணக்கிட்டால், பத்து முயற்சிகளில் ஏறத்தாழ மூன்றில் வெற்றி பெறுபவருக்கே குவாட் இலாபம் தரத் தொடங்குகிறது.

ஆனால் இந்தக் கணக்கு தாளில் மட்டுமே இவ்வளவு தாராளமானது. சுழற்சி குறைந்தால் அடிப்படைப் புள்ளியே எண்பது வீதமாகிவிடும். அந்த நிலையில் விழுந்தால் 3.6 தான். விழுந்தவருக்கு நிகழ்ச்சியின் ஒழுங்கும் மூச்சும் கலைந்துபோவதால் கலை சார்ந்த புள்ளிகளும் இறங்குகின்றன. ஒரு போட்டியில் ஒவ்வொருவரும் முதலில் குறு நிகழ்ச்சியும் பின்னர் நீண்ட நிகழ்ச்சியும் செய்வார்கள்; இரண்டின் புள்ளிகளும் கூட்டப்படும். குறு நிகழ்ச்சியில் நிலைமை இன்னும் கடுமையானது: குவாட்டுக்கு எழும்பியவர் காற்றில் தடுமாறி ஒரு சுற்றோடோ இரண்டு சுற்றோடோ இறங்கினால் அந்தத் தாண்டலுக்குப் புள்ளியே இல்லை. ஆகவே நீண்ட நிகழ்ச்சியில் துணிபவர் குறு நிகழ்ச்சியில் அடங்கிப்போவதைக் கண்டால் அதைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: ஒக்டோபரில் பார்த்த நிகழ்ச்சியை மார்ச்சில் அதே வீரர் வேறு தாண்டல்களோடு செய்கிறார். தொடக்கத்திலேயே முழுத் திறமையையும் காட்டக் கூடாதா? (பம்பலப்பிட்டி வாசகர்)

போட்டிக்காலத்தின் அமைப்பே அதற்கு இடம் கொடுப்பதில்லை. இலையுதிர் காலத்தில் ஆறு கிராண்ட் பிரீ போட்டிகள் நடக்கின்றன; ஒருவர் அதிகபட்சம் இரண்டில் மட்டுமே பங்குபற்றலாம், அவையும் பெரும்பாலும் அவருக்கு ஒதுக்கப்படுபவையே. முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 13, மூன்றாமிடத்துக்கு 11 என்று புள்ளிகள் வழங்கப்பட்டு, மொத்தத்தில் முதல் ஆறு பேர் டிசம்பரில் நடக்கும் இறுதிக்குச் செல்கிறார்கள். ஒரு முதலிடமும் ஒரு மூன்றாமிடமும் சேர்ந்தால் 26. அது பெரும்பாலும் போதுமானது. இரண்டு போட்டிகளையும் வென்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒருவர், ஒக்டோபரில் தன் மிகக் கடினமான தாண்டலைச் சோதனையாக வைக்கலாம். அல்லது அதை மறைத்து வைத்து, கணுக்காலை மார்ச் மாத உலக சம்பியன்ஷிப்புக்காகக் காப்பாற்றலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. என் பார்வையில், இரண்டாவதைத் தெரிவு செய்பவருக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதாது.

ஜப்பானிய வீரர் யுசுரு ஹன்யுவின் 2017–2018 போட்டிக்காலம் இதற்கு மிகச் சிறந்த உதாரணம். ஒக்டோபரில் மொஸ்கோவில் நான்கு சுற்று லுட்ஸை முதற்தடவையாகப் போட்டியில் வெற்றிகரமாகச் செய்தார். நவம்பரில் ஒசாகாவில், கிராண்ட் பிரீ போட்டிகளில் ஒன்றான என்.எச்.கே. கிண்ணப் போட்டிக்கு முந்திய பயிற்சியில், அதே லுட்ஸில் விழுந்து வலது கணுக்காலில் காயமடைந்தார். அதன்பின் ஒரு போட்டியிலும் பங்குபற்றாமல் பெப்ரவரியில் நேரே பியொங்சாங் ஒலிம்பிக்குக்கு வந்தார். அங்கே லுட்ஸ், லூப் ஆகிய இரு குவாட்களையும் விட்டுவிட்டு, பல ஆண்டுகளாகக் கைவந்த சல்கோவ், டோ லூப் என்ற இரு குவாட்களை மட்டுமே நம்பினார். 317.85 புள்ளிகளோடு தங்கம் கிடைத்தது. இரண்டாமிடம் பெற்ற ஷோமா உனோ 306.90.

அதே போட்டியில் அமெரிக்க வீரர் நேதன் சென் குறு நிகழ்ச்சியில் தவறுகள் செய்து 17ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தார். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில் நீண்ட நிகழ்ச்சியில் ஆறு குவாட்களை வைத்து 215.08 பெற்றார். அன்றைய நீண்ட நிகழ்ச்சியில் ஹன்யுவின் 206.17ஐ விட அது அதிகம். ஆனாலும் மொத்தத்தில் ஐந்தாமிடமே கிடைத்தது. முதல் நாளில் இழந்ததை இரண்டாம் நாளின் துணிச்சலால் முழுவதும் மீட்க முடியவில்லை.

கேள்வி: நான் பரதநாட்டிய ஆசிரியை. குவாட் இல்லாமல் நடனத்தின் அழகால் மட்டும் ஒருவர் வெல்ல முடியுமா? (வெள்ளவத்தை வாசகி)

ஒரு காலத்தில் முடிந்தது. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் இவன் லைசாசெக் ஒரு குவாட்டும் இல்லாமல் 257.67 பெற்று, குவாட் செய்த எவ்கெனி பிளஷென்கோவை 1.31 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அழகு மட்டும் அவரை வெல்ல வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் செய்யும் தாண்டல்களுக்கு அப்போது பத்து வீதம் கூடுதலாகக் கிடைத்தது; அவர் தன் தாண்டல்களில் கூடுதலானவற்றை அங்கே வைத்திருந்தார். 2018இல் அந்தச் சலுகை நீண்ட நிகழ்ச்சியில் கடைசி மூன்று தாண்டல்களுக்கென்று குறைக்கப்பட்டது.

இன்று முதலிடத்துக்கு அந்த வழி ஏறத்தாழ மூடிவிட்டது. 2024இல் மொன்ரியால் உலக சம்பியன்ஷிப்பில் இலியா மலினின், முன்னோக்கி எழும்புவதால் அரைச் சுற்றுக் கூடுதலாகத் தேவைப்படும் நான்கு சுற்று ஆக்சல் உட்பட ஆறு குவாட்கள் கொண்ட நீண்ட நிகழ்ச்சிக்கு 227.79 பெற்ற பின்னர், எந்த அபிநயமும் அந்த இடைவெளியை நிரப்பாது. எனினும் பதக்கத்துக்குக் கீழே நல்ல இடங்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜேசன் பிரவுண் ஒரு குவாட்டைக்கூட முயலாமல் 281.24 பெற்று ஆறாமிடம் பிடித்தார். சறுக்கலின் ஆழத்தையும் இசையோடு உடல் இணைவதையும் பார்க்க விரும்பும் உங்களைப் போன்றவர்கள் அவரிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: படிப்பையும் இவ்விளையாட்டையும் ஒன்றாகக் கொண்டுசெல்ல முடியுமா? (தெஹிவளையிலிருந்து ஒரு தாய்)

முடியும், ஆனால் பங்குபற்றும் போட்டிகளைக் குறைக்க வேண்டிவரும். நேதன் சென் 2018இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய பயிற்றுநரோ நாட்டின் மறுகரையில், கலிபோர்னியாவில். அவ்வாறிருந்தும் 2019இல் சைத்தாமாவில் உலக சம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தார். பின்னர் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகப் படிப்பை இடைநிறுத்தினார் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: பெய்ஜிங்கில் ஹன்யு நான்கு சுற்று ஆக்சலை முயன்றதால்தானே பதக்கத்தை இழந்தார்? (வத்தளை வாசகர்)

இல்லை என்றே எண்கள் சொல்கின்றன. குறு நிகழ்ச்சியின் முதல் தாண்டலில் சறுக்குக் கத்தி பனியிலிருந்த பள்ளத்தில் சிக்கி, நான்கு சுற்று சல்கோவ் ஒரு சுற்றாகக் குறைந்து, புள்ளியின்றிப் போனது. அன்றே நேதன் சென்னை விட 18.82 பின்தங்கி எட்டாமிடத்தில் இருந்தார். நீண்ட நிகழ்ச்சியில் ஆக்சல் சுழற்சி குறைந்து விழுந்ததில், விழுந்ததற்கான கழிவு போக, 4 புள்ளிகள் மிஞ்சின. அதற்குப் பதிலாக மூன்று சுற்று ஆக்சலை மிக நன்றாகச் செய்து +4 பெற்றிருந்தால் 11.2 கிடைத்திருக்கும், வித்தியாசம் 7.2 தான். அவருக்கும் வெண்கலம் வென்ற உனோவுக்கும் இடைவெளி 9.79. அடுத்ததாகச் செய்த சல்கோவிலும் அவர் விழுந்தார். பதக்கக் கணக்கைப் பார்ப்பவர்கள் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

2018இல் கடினமானவற்றை விட்டு வென்றவர், 2022இல் எவரும் போட்டியில் முழுமையாக்கியிராத தாண்டலை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை ஏற்கெனவே வென்றிருந்த ஒருவருக்கு அந்தத் தெரிவு நியாயமானதே. முதற் பதக்கத்தைத் தேடும் இளைஞருக்கு அவருடைய பயிற்றுநர் அதை ஒருபோதும் அனுமதித்திருக்க மாட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் லேக் பிளசிட்டில், அந்தத் தாண்டலைப் போட்டியொன்றில் முதன்முதலாக முழுமையாகச் செய்தவர் மலினின்.