தோட்டத்து முகவரியும் நம் ஓட்டும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். துன் சம்பந்தன், சாமிவேலு என்று நம் ஊர் உறுப்பினரே அமைச்சராகவும் இருந்த காலத்தைப் பார்த்தவள். இன்று தோட்டங்களில் நம்மவர்கள் அதிகம் இல்லை. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. தொகுதி எல்லை மறுசீரமைப்பு மறுபடி வரப்போவதாகச் சொல்கிறார்கள். இந்தியர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி ஒரு தொகுதியையாவது பிரித்துத் தரச் சொல்லி நாம் கேட்க வேண்டாமா? இன்னொன்று: என் மகன் கிள்ளானுக்குக் குடிபோய்ப் பல வருடங்களாகின்றன. அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரிதான். ஓட்டுப் போட இங்கேதான் வருகிறான். மாற்றச் சொல்லவா?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்கலாம், கிடைக்காது. மக்களவையின் 222 தொகுதிகளில் ஒன்றில்கூட நாம் பெரும்பான்மையாக இல்லை. நாடு முழுக்கச் சிதறி வாழும் நமக்கு எந்தக் கோடும் அதைத் தந்துவிடாது. நம் ஊரையே பாருங்கள். 1959 முதல் 2022 தேர்தல் வரை இங்கே வென்றவர்கள் எல்லோரும் இந்தியர்களே: சம்பந்தன், 1974 முதல் சாமிவேலு, 2008இல் அவரைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார், 2018 முதல் கேசவன். மலாய்க்காரர்களும் சீனர்களும் பூர்வகுடியினரும் ஓட்டுப் போடாமல் இவர்களில் யாரும் மக்களவைக்குப் போயிருக்க முடியாது.

என் கவலை வேறு. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நம் சனங்களை நடுத்தெருவில் நிறுத்திய காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் காசைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டியவர் சம்பந்தன். அவருடைய வாக்காளர்களுக்கு வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே தோட்டத்துக்குள் இருந்தன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கிள்ளான், காப்பார் போன்ற பட்டணங்களின் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுடைய ஓட்டுக்கு என்ன மதிப்பு?

2013 பொதுத்தேர்தலில் காப்பாரில் 144,159 வாக்காளர்கள். புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர்தான். 2022இல் கிள்ளான் 2 லட்சத்தைத் தாண்டியது, பாங்கி 3 லட்சத்தைத் தாண்டியது. சரவாக்கின் ஈகானில் 30 ஆயிரம் பேர்கூட இல்லை. சுதந்திரம் பெற்றபோது எழுதிய அரசியலமைப்பு, ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தது. 1962இல் அதைத் தளர்த்தி, ஊர்ப்புறத் தொகுதியில் நகரத்துத் தொகுதியின் பாதி அளவு வாக்காளர்கள் இருந்தாலும் போதும் என்றார்கள். 1973இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

ஊர்ப்புறத்துக்குச் சலுகை தந்ததில் நியாயம் உண்டு. உள்தோட்டங்களுக்கும் காட்டோரக் கிராமங்களுக்கும் போய்ச் சேருவது சுலபமில்லை. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம் கிள்ளானில் மலிவு வீட்டுக்குக் குடிபோன அன்றே அதன் ஓட்டின் மதிப்பு சரிந்துவிடுகிறது. வறுமை கூடவே போயிருக்கிறது, சலுகை மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது தனித் தொகுதி அல்ல. எடுத்துவிட்ட அந்த வரம்பை.

தீபகற்பத்தில் கடைசி மறுசீரமைப்பு 2018 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 8 ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 113வது விதி. அந்தக் காலம் 2026இல் முடிகிறது. நம் சங்கங்கள் இப்போதே, எல்லை பிரிக்கும் முறையைச் சொல்லும் அரசியலமைப்பின் 13வது அட்டவணையை எடுத்துப் படிக்க வேண்டும். தேர்தல் ஆணையம் புதிய எல்லையை அறிவித்த ஒரு மாதத்துக்குள், அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஆட்சேபம் தெரிவித்தால், ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். வெறும் 100 பேர்! ஒரு கோயில் திருவிழாவின் அன்னதானத்தில் அதைவிடக் கூடுதலானவர்கள் உட்காருகிறார்கள்.

உள்ளூர்ப் பிணைப்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே அட்டவணை சொல்கிறது. ஒரு தாமானை (குடியிருப்புப் பகுதியை) இந்தத் தொகுதியிலும் அங்குள்ள பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியை அந்தத் தொகுதியிலும் வெட்டிப் போட்டால், அந்த வரியைக் காட்டி வாதாடலாம். "எங்களுக்கு அநியாயம் நடக்கிறது" என்று மொட்டையாக எழுதிப் பயனில்லை. எந்த வாக்களிப்பு வட்டாரத்தை எங்கிருந்து எங்கே மாற்றுகிறார்கள், அதில் எத்தனை வாக்காளர்கள், பள்ளி எங்கே, சந்தை எங்கே, மக்கள் அன்றாடம் எந்தப் பட்டணத்துக்குப் போய் வருகிறார்கள் என்று எழுத வேண்டும். அதை எழுத வழக்கறிஞர் தேவையில்லை. ஊர் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போதும்.

இனி உங்கள் மகன். தேர்தலுக்கு முந்திய இரவு பஸ் ஏறி ஊருக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தானியங்கி வாக்காளர் பதிவு வந்த பிறகு, புதிதாகப் பதிவாகிறவர்களுக்கு அடையாள அட்டையில் உள்ள முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. கிள்ளானில் ஓட்டின் மதிப்பு குறையும் என்று இப்போதுதான் சொன்னேன்; அது உண்மைதான். ஆனால் அவன் பிள்ளையின் பள்ளியும், மழைக்கு வீட்டு முன் தேங்கும் தண்ணீரும், பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கியும் அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள உறுப்பினரை ஓட்டால் தண்டிக்கவோ தாங்கவோ அவனுக்கு இன்று வழியில்லை. எல்லையை மாற்றும் நாளில், ஆட்சேபத்தில் கையெழுத்துப் போடும் 100 பேரில் ஒருவனாகவும் அவன் இருக்க முடியாது. தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிய பின், தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடமும் விண்ணப்பித்து, வாக்காளர் பட்டியலில் தொகுதி மாறிவிட்டதா என்று மறக்காமல் சரிபார்க்கச் சொல்லுங்கள்.