தலையில் கண்ணாடி மாட்டி லாரி ஓட்டப் பழகலாமா?

அம்மா, திருச்செங்கோட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. உங்கள் மகன் வி.ஆர். சிமுலேட்டர் (தலையில் கண்ணாடி மாட்டினால் நிஜமாக ஓட்டுவது போலவே காட்டும் கருவி) உள்ள மையத்தில் ஹெவி, அதாவது கனரக வாகனப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்கிறான். 20 வருடம் லாரி ஓட்டிய உங்கள் வீட்டுக்காரர், "கிளீனரா ஏறாம தொழில் வராது" என்கிறார். என்னைக் கேட்டால் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

போன மாதம் ஒரு மையத்தில் நானே அதை மாட்டிப் பார்த்தேன். கண்ணெதிரே மலை இறக்கம், பின்னால் முழு லோடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் பிரேக் சூடேறி, மிதித்தும் வண்டி நிற்கவில்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது. "இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைக்கணும் சார்" என்றார் பயிற்சியாளர். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க, கியர் போடாமல் நியூட்ரலில் இறங்குகிறவர்களை உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் அந்தத் தப்பின் விலையை, உயிருக்கு ஆபத்தில்லாமல் ஒரு பையனுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: தலையைத் திருப்பி இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கலாம். கேபினை ஒட்டி மறைந்து வரும் டூவீலரைத் தேடும் பழக்கம் அப்படித்தான் வரும்.

ஆனால் லோடு வண்டியின் கனம் அதில் தெரியாது. வளைவில் பாரம் ஒருபக்கம் தள்ளுவதை உடம்புதான் உணர வேண்டும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த லாரி ஓட்டுநர் பயிற்சி விதிகூட, நிஜ வண்டியில் ஓட்டிப் பழக வேண்டிய பயிற்சிக்குப் பதிலாக சிமுலேட்டரை ஏற்பதில்லை. சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். கண்ணுக்கு வண்டி ஓடுகிறது, உடம்பு அசையாமல் இருக்கிறது, அதனால்தான். மகனுக்கு அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், கழற்றிவிட்டுக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

சரி, சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியது. மகனுக்கு 19 வயது என்கிறீர்கள். 20 முடிந்தால்தான் ஹெவி லைசென்ஸ். அதற்கும் முன்னால் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் இப்போதே எடுக்கட்டும், ஹெவிக்கு இன்று பணம் கட்டாதீர்கள்.

அப்புறம், மையம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிமுலேட்டரும் ஓட்டுதளமும் இருந்தாக வேண்டும். ஹெவி பயிற்சி 6 வாரத்தில் 38 மணி நேரம்: பாடம் 8 மணி, மீதி செய்முறை. அங்கே தேர்ச்சி பெற்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அந்தச் செய்முறை நேரத்தில் நிஜ லாரியின் ஸ்டியரிங்கை மகன் பிடிப்பது எத்தனை மணி, ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வி.ஆர். கண்ணாடியைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றிவிட்டு, வண்டியில் ஏற்றாமலே நாளைக் கடத்தும் இடம் வேண்டவே வேண்டாம்.

போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அங்கே நிற்கும் லாரியின் டயரையும் கிளட்சையும் பார்த்தே, அது தினமும் ஓடுகிற வண்டியா, சும்மா நிற்கிற வண்டியா என்று அவர் சொல்லிவிடுவார்.