குறுக்குக்கோடு போட்ட ஏழு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்ததைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 13, அடுத்தவனுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. ஐந்து வருடமாக வீட்டில்தான் பாடம். காலையில் வேதம், அப்புறம் கணக்கு, ஆங்கிலம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஜனவரியில் எனக்கு மார்பில் கட்டி என்று தெரியவந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. இரண்டு முடிந்திருக்கிறது.

அவர் வேலைக்குப் போயே ஆக வேண்டும். மூத்தவள்தான் தம்பிக்கும் தங்கைக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், எனக்குக் கஞ்சியும் வைத்துத் தருகிறாள். 'பேசாமல் ஸ்கூலில் போடு' என்கிறார் மாமியார். எங்கள் ஹோம்ஸ்கூல் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, 'சூசன்னா வெஸ்லி எவ்வளவு கஷ்டத்திலும் விடாமல் நடத்தினார்கள், நீங்கள் சோர்ந்துபோகலாமா?' என்று கேட்டார். கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. பள்ளியில் போட்டாலும் டிசி இல்லாமல் சேர்ப்பார்களா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஜெபக்குழு அக்காவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்று எனக்குத் தூக்கம் வராது.

சூசன்னா வெஸ்லியை எனக்கும் பிடிக்கும். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா, 19 பிள்ளை பெற்றவர். அதில் ஒன்பது கைக்குழந்தையாகவே போயிற்று. மற்றவர்களுக்கு இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பாதிரி வீட்டிலேயே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பாடம். மகன் ஜான் கேட்டுக்கொண்டதால் தன் முறையையெல்லாம் 1732இல் ஒரு கடிதமாக எழுதினார். நம் கூட்டங்களில் எடுத்துச் சொல்வது அந்தக் கடிதத்தைத்தான். அதே கடிதத்தில் வேலைக்காரப் பெண்கள் வருவதை யாரும் சொல்வதில்லை. தீ விபத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்வதில்லை.

1709 பிப்ரவரியில் அந்த வீடு எரிந்துபோயிற்று. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கிக் காப்பாற்றிய கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு பிள்ளைகளைப் பல வீடுகளில் பிரித்து விடவேண்டி வந்தது. சூசன்னா விரும்பியா விட்டார்? தங்க வீடு இல்லை. திரும்பி வந்தவர்கள் கண்ட கண்ட பாட்டும் பட்டிக்காட்டுப் பேச்சும் மரியாதை இல்லாத பழக்கமும் கற்றுக்கொண்டு வந்தார்கள், திருத்தக் கஷ்டப்பட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். வீட்டைக் கட்டி முடித்து, பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்து, மறுபடி ஆரம்பித்தார். 'விடாமல் நடத்தினார்' என்றா சொன்னார் அந்த அக்கா? விட்டார். விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் எடுத்தது ஒரு முடிவு. யோசித்து, ஜெபித்து எடுத்த நல்ல முடிவுதான். அதைப் பொருத்தனையாக, அதாவது கர்த்தருக்குக் கொடுத்த வாக்காக, மாற்றிவிட்டது நம்முடைய கூட்டம். இரண்டும் ஒன்றல்ல. முடிவை மாற்றலாம். அதற்காக யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, பரலோகத்தில் நிச்சயமாகக் கேட்கப்போவதில்லை.

சரி, ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அதுவல்ல. 'மூத்தவள்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்' என்கிற வரி.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த வருடம், என் மகளுக்கு 12, மகனுக்கு 10. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில், போக வர பஸ். விடியற்காலையில் பிள்ளைகளின் பாடத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவேன். 'நான் பார்த்துக்கிறேன்மா' என்பாள் மகள். ராத்திரி வந்து நோட்டைத் திறந்தால் மகனின் கணக்கெல்லாம் சரி. சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போடுவேன். சபையில் சாட்சிகூடச் சொன்னேன், இந்தப் பாடுகளின் நடுவிலும் பாடம் நிற்கவில்லை என்று.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது பையிலிருந்த அவன் நோட்டைப் புரட்டினேன். ஒரு ஏழில் கண் நின்றது. நடுவில் சின்னதாகக் குறுக்குக்கோடு. அவன் அப்படிப் போடமாட்டான். அவள்தான் போடுவாள், அவள் அப்பாவைப் பார்த்துப் பழகியது. பின்னால் புரட்டிக்கொண்டே போனேன். நாலு மாதமாக எல்லா ஏழிலும் கோடு.

கேட்டேன். 'அவனுக்குப் புரியலைம்மா. நோட்டு காலியா இருந்தா நீ அழுவே. அதான்.'

அவளுடைய நோட்டை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஜூலைக்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை. அதை யாருமே திறந்து பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரமே மகனைப் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தோம். கொழுந்தன் சிறுநீரகம் கொடுத்து, வீடு ஒரு நிலைக்கு வரும்வரை ஒன்றரை வருடம் அங்கே படித்தான். நாலு கெட்ட வார்த்தையும் கபடியும் கற்றுக்கொண்டு வந்தான். கபடி இன்னும் இருக்கிறது.

ஆகவே டிசி பற்றிப் பயப்படாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை, இதுவரை பள்ளிக்கே போகாவிட்டாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டிசியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மூத்தவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், 14 நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு பாடம் இந்தப் பரீட்சையில், இரண்டு அடுத்ததில் என்று எழுதலாம். அவசரமே இல்லை.

சின்னவர்களைப் பள்ளிக்கு அனுப்புவதில் எனக்குள்ள ஒரே தயக்கம் உங்கள் கவுண்ட், அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளையணுவின் எண்ணிக்கை. கீமோ போட்டு ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வாக்கில் வெள்ளையணு இறங்கியிருக்கும். பள்ளியிலிருந்து சளியும் காய்ச்சலும் வீட்டுக்கு வரும். இதை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆறும் முடியும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றால், திங்கள் செவ்வாயை மறந்துவிட்டு 21 நாளைக் காலண்டராக வையுங்கள். முதல் வாரம் பாடமே கிடையாது. இரண்டாம் வாரம் வாசிப்பு மட்டும். மூன்றாம் வாரம் உடம்பு கொஞ்சம் நிமிரும்போது கணக்கு. கணக்கும் வாசிப்பும் இருந்தால் போதும். சமூக அறிவியல் எங்கும் ஓடிப்போகாது.

நம் ஹோம்ஸ்கூல்காரர்கள் சுவரில் மாட்டிவைக்கும் வசனம் உபாகமம் 6:7. 'வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்' வரை சத்தமாகச் சொல்வோம். அடுத்து வருவது 'படுத்துக்கொள்ளுகிறபோதும்'. எழுந்திருக்க முடியாத நாளில் ஒன்பது வயதுக்காரனைக் கட்டிலில் பக்கத்தில் படுக்கவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் தூங்கிப்போனாலும் பரவாயில்லை.

கஞ்சி வைக்கும் வேலையை மாமியாரிடம் கொடுங்கள். யோசனை சொன்னவருக்கு அந்த உரிமை உண்டு. மூத்தவளை வாத்தியார் வேலையிலிருந்து இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திட்டாதீர்கள். காலியாக இருந்தால் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்திருங்கள்.

மூன்றாவது கீமோ என்றைக்கு என்று எழுதுங்கள். அன்று காலை ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா