மரம் விடும் வாயு, மேகத்தில் துகள்: கேள்வி பதில்

காற்றில் கரிமத் துகள்கள் (கார்பன் சேர்மங்களால் ஆன நுண்துகள்கள்) உண்டாவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. அடுத்த வாரம் மழை வருமா என்று கேட்டவர்கள் வானிலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (வேதியியல் ஆசிரியை): பைன் மர வாசனை காற்றில் துகளாக மாறும் என்று படித்தேன். வாயு எப்படித் துகளாகும்?

பதில்: நல்ல கேள்வி, நீளமாகவே சொல்கிறேன். பைன் வாசனையில் முக்கியமானது ஆல்ஃபா-பைனீன். பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் சுலபமாக ஆவியாகும், எதிலும் தங்காது. காற்றிலுள்ள ஓசோன் அதன் இரட்டைப் பிணைப்பைத் தாக்கியதும் கதை மாறுகிறது. அங்கே உண்டாகும் பெராக்ஸி தனி உறுப்பு (ஜோடி சேராத எலக்ட்ரான் இருப்பதால் எதையும் தாக்கத் துடிக்கும் மூலக்கூறு) தன் உடம்பிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. காலியான இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காருகிறது. மறுபடி ஒரு பிடுங்கல், மறுபடி ஆக்சிஜன். சில விநாடிகளுக்குள் ஒரே மூலக்கூறில் ஏழெட்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்துவிடும். அப்புறம் அதற்கு ஆவியாகும் சக்தி இல்லை. மோதும் துகளில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஃபின்லாந்தின் பைன் காட்டிலும் ஜெர்மனியின் யூலிக் ஆய்வகத்திலும் அளந்து 2014இல் இதை வெளியிட்டார்கள். அப்படிச் சேர்ந்த துகள் வறண்ட காற்றில் இறுகிக் கிடக்கும், ஈரம் ஏறினால் இளகும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): கந்தக அமிலம் இல்லாமல் புதுத் துகள் பிறக்காது என்கிறது என் பாடநூல்.

பதில்: பாடநூல் 2016க்கு முந்தியதாக இருக்கும். ஜெனீவாவில் செர்ன் என்ற இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் கிளவுட் சோதனையில், 26 கன மீட்டர் எஃகு அறைக்குள் மிகத் தூய காற்றுடன் ஆல்ஃபா-பைனீனையும் ஓசோனையும் மட்டும் விட்டார்கள். கந்தக அமிலம் கிட்டத்தட்ட இல்லாமலேயே துகள்கள் பிறந்தன. நிலக்கரி எரிக்கத் தொடங்குவதற்கு முன் மேகங்கள் எவ்வளவு வெண்மையாக இருந்தன என்று கணக்கிடுபவர்களுக்கு இது மிக முக்கியம்.

கேள்வி: அதே சோதனையில் அண்டக் கதிர்கள் துகளைக் கூட்டின என்றார்களே, புவி சூடாவதற்கு அதுதானே காரணம்?

பதில்: இல்லை. அண்டக் கதிர்கள் காற்றில் உண்டாக்கும் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள்) துகள் பிறப்பைக் கூட்டியது உண்மை. ஆனால் அண்டக் கதிர்களில் ஏற்படும் ஏற்ற இறக்கம் மேகங்களை மாற்றும் அளவுக்குப் போதாது.

கேள்வி: வீட்டில் எலுமிச்சை வாசனைத் திரவம் போட்டுத் தரை துடைக்கிறேன். அதுவும் துகளாகுமா?

பதில்: ஆகும். அந்த வாசனையிலுள்ள லிமோனீன் ஓசோனோடு சேர்ந்தால் நுண்துகளும் வரும், ஃபார்மால்டிஹைடும் வரும். காற்றைச் சுத்தம் செய்வதாக விற்கும் ஓசோன் இயந்திரத்தை மூடிய அறையில் ஓட்டாதீர்கள். வாசனைத் திரவத்தோடு சேர்த்து ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி: மேகத்தில் துகள் கரைந்து மழையோடு போய்விடும் அல்லவா? மேகம் எப்படித் துகளை உண்டாக்கும்?

பதில்: எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பெரும்பாலான மேகங்கள் பெய்யாமலே ஆவியாகிவிடுகின்றன. பத்து, இருபது மைக்ரான் அளவுள்ள ஒரு மேகத்துளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு மரங்கள் விடும் ஐசோபிரீன் என்ற வாயு உடைந்து கிளையாக்ஸால் என்ற இன்னொரு வாயு ஆகிறது. அது வாயுவாக இருக்கும்வரை துகளில் நிற்காது, ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். துளிக்குள் இறங்கியதும் நீரோடு சேர்ந்துகொள்கிறது. அங்கே ஹைட்ராக்சில் தனி உறுப்பு தாக்க, கிளையாக்ஸிலிக் அமிலமாகி, கடைசியில் ஆக்சாலிக் அமிலமாகிறது. துளி காய்ந்தாலும் அது உப்பாக மாறித் துகளிலேயே தங்கிவிடும். அடுத்த முறை மேகம் திரளும்போது பருத்த அந்தத் துகள் முந்திக்கொண்டு நீரைப் பிடிக்கும். துளிகளின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு துளியும் சிறிதாகும். மேகம் கூடுதலாக வெயிலைத் திருப்பியனுப்பும்.

கேள்வி: மரம் மாசு தருகிறது என்றால் வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். இதே கேள்வி வேறு வேறு சொற்களில் நிறைய வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பதில்: வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி (பொறியாளர்): பதில் போதாது. 1980 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் வேட்பாளர் ரீகன் காற்று மாசுக்கு மரங்களைக் காரணம் சொன்னபோது சிரித்தார்கள். ஆனால் அமெரிக்கத் தென்கிழக்கிலுள்ள அட்லாண்டா நகரத் துகள்களில் கார்பன்-14 (உயிருள்ளவற்றில் இருக்கும், பெட்ரோலில் இல்லாத கார்பன் வகை) பார்த்தால் பாதிக்கு மேல் பெட்ரோலில் இருந்து வந்ததல்ல. மரம்தானே குற்றவாளி?

பதில்: அளவீடு சரி, முடிவு தப்பு. கார்பன் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கார்பன்-14 சொல்லும். அதைத் துகளாக்கியது எது என்று அது சொல்லாது. அமெரிக்கத் தென்கிழக்கில் ஐசோபிரீனிலிருந்து எபாக்ஸைடு டையால்கள் என்ற வாயுக்கள் வருகின்றன. அவை துகளாக மாற அமிலத் தன்மையுள்ள சல்ஃபேட் வேண்டும். அந்தச் சல்ஃபேட் அனல் மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து வந்த கந்தக டையாக்சைடிலிருந்து உண்டானது.

அவரே மறுபடி: அப்படியானால் மின் நிலையங்களைக் கட்டுப்படுத்தியதும் கரிமத் துகளும் குறைந்திருக்க வேண்டுமே?

பதில்: குறைந்ததே! கந்தக டையாக்சைடைக் கட்டுப்படுத்திய ஆண்டுகளில் அந்தப் பகுதியில் சல்ஃபேட்டோடு கரிமத் துகளும் இறங்கியது. காடு அப்படியேதான் இருந்தது. நீங்கள் கேட்ட சோதனையை அந்த ஊர்க் காற்றே நடத்திக் காட்டிவிட்டது.

அவரே மறுபடி: அமேசானில் மின் நிலையம் இல்லையே, அங்கும் துகள் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. ஐசோபிரீனிலிருந்து பிறந்த மெத்தில்டெட்ரால்கள் என்ற சேர்மங்களை 2004இல் முதலில் கண்டுபிடித்ததே அமேசான் துகளில்தான். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் சில நூறு துகள்கள்தான். நகரக் காற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாவ்ஸ் நகரப் புகை கலந்த காற்றில் அதே காட்டின் வாயுக்கள் அதிகத் துகளைத் தருவதையும் 2014, 2015 ஆய்வுகளில் அளந்தார்கள். மரங்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 50 கோடி டன் ஐசோபிரீன் விடுகின்றன. அதை நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடும்தான். குறைக்க வேண்டியதும் அவற்றைத்தான்.

கேள்வி: நீலகிரி நீலமாகத் தெரிவது தைல மரத்தாலா?

பதில்: தைல மரம் அங்கே நடப்பட்டது 1840களில். மலை அதற்கு முன்பும் நீலமாகத்தான் இருந்தது.

கேள்வி: மரம் வெட்டினால் பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்குச் சிறிய துகள்) குறையுமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: படுக்கையறைக்கு ஓசோன் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்: வேண்டாம். நல்ல வடிகட்டி உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): மலிவான உணரி வாங்கி மொட்டை மாடியில் வைத்தால் புதுத் துகள் பிறப்பதைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாதம்மா. அந்த உணரிகள் ஒளிச்சிதறலை வைத்து எண்ணுகின்றன. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே அவற்றுக்குக் கண் தெரியாது. புதுத் துகள் பிறக்கும்போது ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். மேகத்துளிக்கு விதையாவதற்கே ஐம்பது, நூறு நானோமீட்டர் போதும். புதுத் துகளைப் பார்க்கப் பியூட்டனால் ஆவியைத் துகள்மேல் படியவைத்துப் பருக்கச் செய்து எண்ணும் கருவி வேண்டும். ஏரோசோல் ஆய்வு நடக்கும் பல்கலைக்கழகங்களில் இருக்கும், துறையில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் காலை வெயில் ஏறும் நேரத்தில் ஓட்டுங்கள்; துகள் பிறப்பது பெரும்பாலும் பகலில், நண்பகலுக்கு முன்.