ஸ்கூபா டைவிங் போகும் படகில் கால் வைத்த அரை மணி நேரத்தில் குமட்டல் வந்துவிடுகிறது. தண்ணீருக்குள் இறங்கியதும் சரியாகிறது. மாத்திரையும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

மாத்திரை கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் கோட்டை விடுவது நேரத்தில்தான். குமட்டல் எட்டிப் பார்த்தபிறகு பையைத் துழாவி ஒன்றை எடுத்து விழுங்குவார்கள். அதற்குள் இரைப்பை தன் வேலையை ஏறக்குறைய நிறுத்தியிருக்கும். விழுங்கியது குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும், அடுத்த வாந்தியோடு வெளியே வந்துவிடும். இந்த மருந்துகள் எல்லாமே வராமல் தடுப்பவை. வந்ததை நிறுத்துவதில் பெரிதாகக் கைகொடுக்காது.

எதைப் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். வேறு மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் கட்டாயம் கேட்கவேண்டும். பொதுவாகப் புழங்கும் கணக்கு இது. மெக்லிசின் 25 முதல் 50 மில்லிகிராம், படகு கிளம்ப 1 மணி நேரம் முன்பு. ஒரு நாள் தாங்கும், தூக்கமும் ஓரளவுதான். சின்னரிசின் என்றால் 2 மணி நேரம் முன்பே போடவேண்டும், நாள் நீண்டால் 8 மணி நேரம் கழித்துக் குறைந்த அளவில் இன்னொன்று. டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் அரை மணியிலிருந்து 1 மணி நேரத்தில் பிடிக்கும், ஆனால் 4 முதல் 6 மணி நேரத்தில் விட்டுவிடும், தூக்கமும் அதிகம். புரோமெத்தசின் நன்றாக வேலை செய்யும். கண்ணைச் சொருகவைப்பதால் டைவ் செய்பவருக்கு அது தோதுப்படாது. படகில் சும்மா உட்கார்ந்து வரும் துணைக்கு வேண்டுமானால் சரி.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை 3 நாள் வரை வேலை செய்யும். குறைந்தது 4 மணி நேரம் முன்பு, முடிந்தால் முந்தைய இரவே, உலர்ந்த, முடியில்லாத தோலில் ஒட்டவேண்டும். பாதியாக வெட்டக்கூடாது. ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; அந்த விரலால் கண்ணைத் தேய்த்தால் கண்பாவை விரிந்து பார்வை மங்கிப்போகும், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் எண்ணே தெரியாது. வாயும் வறளும். சிலிண்டர் காற்று ஏற்கெனவே ஈரமில்லாதது என்பதால் இது கொஞ்சம் எரிச்சலூட்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் இது ஆகாது.

அலர்ஜிக்கு வீட்டில் இருக்கும் செட்டிரிசினும் இதே வகைதானே என்று போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மூளைக்குள் போதுமான அளவு நுழையாத புதிய ஆன்டிஹிஸ்டமின்கள் கடல் குமட்டலுக்கு உதவாது. வாந்திக்கு மருத்துவமனையில் கொடுக்கும் ஒண்டான்செட்ரானும் அப்படித்தான், இந்த வகை வாந்தியை அது சரியாகத் தடுப்பதில்லை. இஞ்சி, மணிக்கட்டில் அழுத்தும் பட்டை இரண்டுக்கும் ஆய்வு முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. கெடுதல் இல்லை, ஆனால் அலை பெரிதாக இருக்கும் நாளில் அவற்றை மட்டும் நம்பி ஏறாதீர்கள்.

எந்த மருந்தானாலும் டைவ் இல்லாத ஒரு நாளில், கரையில், ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தூக்கம் எவ்வளவு வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜனே தலையை மந்தமாக்கும். அதோடு மருந்தின் மந்தமும் சேரும். மருந்து போட்ட நாளில் ஆழமான டைவ் வேண்டாம் என்பது என் கருத்து. முந்தைய இரவு மது கண்டிப்பாக வேண்டாம்.

வயிற்றைக் காயப்போடுவதும் தவறு. வெறும் வயிற்றில் அமிலம்தான் புரளும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாமல் கொஞ்சமாக ஏதாவது, பிறகு படகில் அவ்வப்போது ஒரு பிஸ்கட், இரண்டு மடக்குத் தண்ணீர். அது போதும்.

இனிப் படகு. உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்கிறது. எதிரே உள்ள பலகையைப் பார்க்கும் கண், எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வருகிறது. ஆட்டத்திலும் எல்லாம் ஒன்றல்ல. சுமார் 5 விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் தூக்கிப்போடும் ஆட்டம்தான் மனிதனை அதிகம் படுத்துகிறது. படகின் மூக்குப் பகுதி சீசா பலகையின் நுனி மாதிரி, ஆட்டம் முழுவதும் அங்கே போய்ச் சேரும். நடுவிலிருந்து சற்றுப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். மேல் தளத்தில் காட்சி நன்றாக இருக்கும், பக்கவாட்டு ஆட்டமும் அங்கே அதிகமாக இருக்கும். ஒரே சிக்கல், பின்பகுதியில் டீசல் புகை. காற்று பின்னாலிருந்து வீசினால் புகை முழுவதும் உள்ளே திரும்பும்; அந்த வாடை பட்டாலே பாதிப்பேருக்கு வயிறு புரட்டும். அப்படியானால் காற்று வரும் பக்க ஓரத்துக்கு நகர்ந்துவிடுங்கள். கண் அடிவானத்தில் இருக்கட்டும். போனைப் பார்க்காதீர்கள். கீழ் அறைக்குள் போகாதீர்கள், கழிவறைக்கு நிச்சயமாகப் போகாதீர்கள். பார்க்க முடியாதபடி ஆகிவிட்டால் கண்ணை மூடி, தலையை எதிலாவது அழுத்திச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

படகு ஓடும்போது பெரும்பாலும் சமாளித்துவிடலாம். டைவ் இடத்தில் எஞ்சினை நிறுத்தியதும்தான் வினை. வேகம் இல்லாத படகு அலைக்குக் குறுக்கே திரும்பி உருள ஆரம்பிக்கும். சரியாக அந்த 15 நிமிடத்தில்தான் எல்லோரும் குனிந்து, காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டுவார்கள், எடைப் பெல்ட்டைத் தேடுவார்கள், இறுக்கமான வெட்சூட்டைக் கழுத்து வரை இழுத்துவிட்டு வெயிலில் வேர்த்துக்கொண்டு நிற்பார்கள். குனிந்த தலை, பக்கத்திலேயே பதிந்த கண், சூடு, கழுத்தில் அழுத்தம், இதைவிடக் கச்சிதமாகக் குமட்டலை வரவழைக்க முடியாது.

அதனால் குனிந்து செய்யும் வேலை அனைத்தையும் படகு துறையில் கட்டியிருக்கும்போதே முடித்துவிடுங்கள். காற்றடைத்து மிதக்க உதவும் சட்டையான பிசிடியைச் சிலிண்டரில் கட்டுங்கள், ரெகுலேட்டரைப் பூட்டுங்கள், வால்வைத் திறந்து அழுத்தம் பாருங்கள், இரண்டு ரெகுலேட்டரிலும் மூச்சு விட்டுப் பாருங்கள், வால்வை மூடிவிடுங்கள். எடையை அப்போதே பையில் போட்டுவிடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஓ-ரிங் துடைத்து மூடி போடுவதையும் கரையிலேயே முடிக்கவேண்டும். ஆடும் படகில் ரப்பர் வளையத்தில் முடி ஒட்டியிருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். வெட்சூட்டை இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், குழுவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் சொன்னபின் மேலே இழுத்தால் போதும். இறங்குவதற்கு முன் வால்வு திறந்திருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது மட்டும்தான் மிச்சம். ஃபின் மாட்டிவிடப் படகு ஆட்களைக் கேளுங்கள், தயங்காமல் செய்வார்கள். உங்களுக்குக் குமட்டும் என்று டைவ் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் குழுவில் இறக்கிவிடுவார்.

முதலில் இறங்கி மற்றவர்களுக்காக மேற்பரப்பில் மிதந்துகொண்டிருந்தால் பலன் இல்லை, படகை விட மோசமாக ஆடும். கயிறு இருந்தால் துணையோடு 5 மீட்டர் இறங்கி அங்கே காத்திருக்கலாமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் சரியாகிவிடுவதற்குக் கணக்கு இருக்கிறது. 5 விநாடிக்கு ஒன்று வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 40 மீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அதன் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 10 விநாடிக்கு ஒன்று வரும் நீண்ட அலையின் கதை வேறு. அதன் நீளம் 150 மீட்டருக்கு மேல், 10 மீட்டர் ஆழத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கும். மேலே கடல் சாதுவாகத் தெரியும், கீழே முன்னும் பின்னுமாக இழுக்கும். அப்படிப்பட்ட நாளில் ஆழம் குறைந்த பாறைத்திட்டு வேண்டாம். மேலேறும் வழியில் 5 மீட்டரில் செய்யும் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தின்போது படகோடு சேர்ந்து குதிக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்காமல், ஒரு மீட்டர் தள்ளி மிதந்து, அசையாத ஏதாவது ஒன்றைப் பாருங்கள்.

கீழேயே வாந்தி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றாதீர்கள். ஓங்கரித்து முடிந்ததும் உடம்பு தானாக மூச்சை இழுக்கும். வாயில் ரெகுலேட்டர் இல்லாவிட்டால் இழுப்பது தண்ணீரை. துணைக்குச் சைகை காட்டி, மேலே ஏறுவதை நிறுத்துங்கள். ஓங்கரிக்கும்போது தொண்டை மூடிக்கொள்ளும், மூடிய தொண்டையோடு ஏறினால் நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும். ஒரு கையால் ரெகுலேட்டரை வாயோடு அழுத்திப் பிடித்து அதற்குள்ளேயே வாந்தி எடுங்கள், வெளியேற்று வால்வு வழியாகப் போய்விடும். உடனே ரெகுலேட்டரைக் காற்றால் அலசும் பர்ஜ் பட்டனை அழுத்திவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெதுவாக முதல் மூச்சை இழுங்கள். தண்ணீர் கலந்து வந்தால் வால்வின் விளிம்பில் ஏதோ துணுக்குச் சிக்கியிருக்கிறது. மாற்று ரெகுலேட்டருக்கு மாறிவிடுங்கள். மீன்கள் கூட்டமாக வரும், அவற்றுக்கு அது விருந்து. டைவ் முடித்துக்கொள்ளவேண்டியதுதான். கரைக்கு வந்ததும் அந்த ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் அலசி, வால்வைச் சரிபார்க்கக் கொடுங்கள்.

படகிலேயே வாந்தி என்றால் காற்று போகும் பக்கத்து ஓரம், ஒரு கை கம்பியில், பக்கத்தில் ஒருவர். மாஸ்க் அலசும் வாளியில் மட்டும் வேண்டாம். பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு, தலை தெளிந்து, குடித்தது வயிற்றில் தங்கினால் இறங்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் அன்றைய டைவ் கிடையாது. நீர் வற்றிய உடம்பில் அழுத்த நீக்க நோய்க்கான (மேலேறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழாவது) ஆபத்து கூடும், முடிவெடுக்கும் புத்தியும் பாதியாகும். தொடர்ந்து படகிலேயே தங்கும் பயணம் என்றால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும். முதல் நாள் டைவை விட்டுக்கொடுப்பதில் நஷ்டம் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். படகில் ஏறும்போது நன்றாக இருந்தவர், டைவ் முடித்து வந்தபின் சில நிமிடத்திலோ இரண்டொரு மணி நேரத்திலோ உலகமே சுழல்வதுபோல் தலைசுற்றி வாந்தி எடுத்தால், அதைக் கடல் குமட்டல் என்று ஒதுக்காதீர்கள். ஒரு காது கேட்கவில்லை, காதில் இரைச்சல், நடை தள்ளாடுகிறது, கரைக்கு வந்தும் அடங்கவில்லை என்றால் உள்காதில் அழுத்த நீக்க நோயோ அழுத்தக் காயமோ இருக்கலாம். ஒரே கம்ப்ரசரில் நிரப்பிய சிலிண்டர்களைப் பயன்படுத்திய பலருக்குத் தலைவலியோடு குமட்டல் வந்தால் காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சிலிண்டர்களை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் மாத்திரை கொடுத்துத் தூங்கவிடக்கூடாது. படகிலுள்ள தூய ஆக்சிஜனை உடனே கொடுத்து, டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவரை வழியிலேயே அழைத்துப் பேசிவிட வேண்டும்.