மெதுவாகப் பாடினால் கவர் ஆகிவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் இரண்டு நண்பர்களும் வார இறுதிகளில் ஒரு காபி கடையில் பழைய ஆங்கிலப் பாடல்களைக் கவர் செய்கிறோம், அதாவது பிறர் பதிவு செய்த பாட்டை எங்கள் பாணியில் பாடுகிறோம். கித்தார், கஹோன் என்ற பெட்டித் தாளவாத்தியம், என் குரல். டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் நெளிவு சேர்த்துப் பாடுவோம். கைதட்டல் வருகிறது. ஆனால் ‘ஒரிஜினல் மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ வேறொருவரின் பாட்டு என்றே பலருக்குத் தெரியாது. மெட்டு அதே, வரிகளும் பெரும்பாலும் அதே. பிறகு எப்படி அது அவருடைய பாட்டானது? குரல்தான் காரணமா? நம் சங்கீதத்தில் ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு குருவழியும் ஒவ்வொரு விதமாகப் பாடுவதைப் பாடாந்தரம் என்கிறோமே, அதுபோலத்தானா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

பாடாந்தரம் அல்ல. கீர்த்தனைக்கு மூல ஒலிப்பதிவு என்று ஒன்று கிடையாது. பாப் பாட்டில் முதல் இசைத்தட்டுதான் மூலம். டிரம் எங்கே விழுகிறது, டிரம்பெட் எங்கே குறுக்கே வருகிறது என்பதெல்லாம் கேட்பவர் காதில் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கவர் பாடுகிறவர் மல்லுக்கட்டுவது மெட்டோடு அல்ல, அந்த இசைத்தட்டோடு.

‘ரெஸ்பெக்ட்’டையே எடுத்துக்கொள்வோம். ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடியது, 1965. உழைத்துவிட்டு வரும் ஆண் பேசுகிறான்: காசு கொண்டுவருகிறேன், வீட்டுக்குள் நுழையும்போது கொஞ்சம் மரியாதை கொடு. அமைப்பு மிக எளிது. சரணத்துக்குப் பின் சரணம், பின்னால் ஊதுகருவிகள் நெட்டித் தள்ளும். பாட்டு வேறெங்கும் திரும்பாது.

அரீதா 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அட்லாண்டிக் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். முதலில் மாறியது பேசும் ஆள். இப்போது வீட்டில் இருப்பவள் பேசுகிறாள், வருகிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வீட்டுக்கு வரும்போது’ என்பது அப்படியே நிற்கிறது, ஆனால் கதவின் எந்தப் பக்கத்திலிருந்து அது சொல்லப்படுகிறது என்பது புரண்டுவிட்டது. இதற்கு அவர் திருத்த வேண்டியிருந்தது சில சொற்களைத்தான்.

இரண்டாவது, பின்குரல். சகோதரிகள் கரோலினும் எர்மாவும் வரிகளின் இடைவெளியில் ‘கொஞ்சமே கொஞ்சம்’ என்று விடாமல் குத்துகிறார்கள். தனி ஆளின் கோரிக்கை இப்போது ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து கேட்பது.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஓடிஸ் பாட்டில் திருப்பம் இல்லை என்றேனே, அந்த இடத்தில் கிங் கர்டிஸின் டெனர் சாக்ஸஃபோனை வைத்தார்கள். அதற்கான கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) சாம் அண்ட் டேவ் என்ற ஜோடி பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுத்தார்கள். பாட்டு நடப்பது சி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்டு; சாக்ஸஃபோன் வரும்போது எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவுகிறது. சி-யை ஸட்ஜமாக வைத்தால் எஃப் ஷார்ப் என்பது பிரதி மத்யமம், அதாவது இரண்டு ‘ம’க்களில் உயர்ந்தது. மேற்கத்திய இசைக்கணக்கில் அதைவிடத் தூரமான ஸ்ருதி இல்லை. அந்தச் சில நொடிகளில் தரை நழுவுகிறது. திரும்பி வந்து ஒரு சரணம் பாடியதும் வாத்தியங்கள் விட்டு விட்டு நிற்க, R-E-S-P-E-C-T என்று ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எழுத்துக்கூட்டல் ஓடிஸ் பாட்டில் கிடையாது. இது ஊரறிந்த இடம். ஆனால் அதற்கு முன்னால் ஸ்ருதி விலகிப்போய் வந்திராவிட்டால் அது இவ்வளவு உறுதியாகக் காலூன்றியிருக்காது என்பது என் கட்சி. அந்த ஆண்டே மான்டரே இசைவிழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து பறித்துக்கொண்ட பாட்டு என்று சொல்லித்தான் ஓடிஸ் அதைப் பாடினார்.

அதே பிரதி மத்யமத்தை வெளியே தள்ளியும் கவர் செய்யலாம். ‘ஹர்ட்’, நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற ராக் குழு, 1994. அதன் பாடகர் ட்ரெண்ட் ரெஸ்னர் முணுமுணுக்கும்போது கித்தாரில் பி சுரத்தோடு அதன் பிரதி மத்யமம் உரசிக்கொண்டே இருக்கும். பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டது போன்ற அவஸ்தை. தன்னையே அழித்துக்கொள்ளும் இளைஞனின் பாட்டு அது, முடிவில் பெரும் இரைச்சல். 2002-இல் நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடியபோது வயது 70, தயாரிப்பு ரிக் ரூபின். உரசல் போய்விட்டது. சரணத்தில் ஏ மைனர், சி, டி என்று கித்தார் பழகுகிறவன் முதல் மாதத்தில் பிடிக்கும் கார்டுகள். கிரீடத்தைப் பற்றிய வசைச்சொல் ஒன்றை எடுத்துவிட்டு முள்முடி என்று வைத்தார். ஒரே சொல்லில் பாட்டு சுவிசேஷத்துக்குள் போய்விட்டது. இரைச்சல் இருந்த இடத்தில் பியானோ ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்து ஏறுகிறது. நோய் அப்படியே இருக்கிறது, படுத்திருப்பவர் வேறு ஆள்.

‘ஹல்லேலூயா’வில் நடந்தது சரணத் தேர்வு. லியனார்ட் கோஹன் 1984-இல் பதிவு செய்த நான்கு சரணங்களில் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் எழுதி வைத்திருந்தவற்றில் வேறு மூன்றைச் சேர்த்து ஜான் கேல் 1991-இல் பாடினார். இறைவன் முன் நிற்கும் கடைசிச் சரணம் போய், உடைந்த காதலில் பாட்டு முடிகிறது. பிறகு அதைப் பாடிய ஜெஃப் பக்லி பின்பற்றியது கேலின் வடிவத்தை.

இனி உங்கள் டெம்போ. நிமிடத்துக்கு 120 தட்டில் பதினாறு தட்டு நீளமுள்ள ஒரு வரி 8 நொடியில் முடியும். 80-க்குக் குறைத்தால் அதே வரி 12 நொடி. மூச்சு நடுவில் அறுகிறது, நீட்டிய உயிரெழுத்து வெறுமையாகத் தொங்குகிறது, அதை மூட நெளிவு போடுகிறீர்கள். கேட்பவருக்கு ஒரிஜினலும் அதன் மேல் சிக்கு போட்ட கோலமுமாகக் கேட்கும். மெதுவாக்குவதானால் வரியையும் வெட்டுங்கள்: பாதி வரி பாடி, மீதியைக் கித்தாருக்கு விடுங்கள், அல்லது பேச்சு வேகத்தில் சட்டென்று சொல்லிவிட்டு நான்கு தட்டு சும்மா இருங்கள்.

கரோக்கி டிராக்கை வைத்து ஒத்திகை பார்ப்பதுண்டென்றால் நிறுத்திவிடுங்கள். அதில் இடைவெளிகள் பழைய இடத்திலேயே உறைந்திருக்கும், நீங்களும் அங்கேயே போய் விழுவீர்கள். முதலில் வரிகளை மட்டும் தாளில் எழுதி, யார் யாரிடம், எந்த வயதில், எந்த நேரத்தில் சொல்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். மூலப்பாட்டின் ஆளே வந்தால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு எடுங்கள். வேறு ஆள் வந்தால், அவர் சொல்ல மாட்டாத வரியை அடியுங்கள். அதன்பின் கித்தார்க்காரரிடம் கார்டுகளைத் தொடாமல் கீழ்ச்சுரத்தை மட்டும் நிமிண்டச் சொல்லி, அதன்மேல் ஒருமுறை பாடிப் பாருங்கள். கஹோன் நண்பர் அதுவரை வெறுமனே உட்கார்ந்திருக்கட்டும். அவர் எங்கே நுழைய வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.